வீட்டுக்காரி இல்லாத வீடு

கல்முனைக் கரையோர முஸ்லிம் ஊர்களிலே பெண்ணுக்குக் கலியாணம் பேசும்பொழுது முதலிற் பேசப்படுவது வீடு. நகையும் காணியும் அதன் பின்னரே. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கே வந்து குடியேறுவார். பிள்ளைகளும் தாயின் குடியையே சேர்வர். இத்தகைய மண்ணில் ஒரு பெண்ணைச் சிறைக்கு அனுப்புவது ஒரு வீட்டையே தண்டிப்பதாகும்.

எமது சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டம் 1877ஆம் ஆண்டுக்குரியது. பெண் கைதிகளுக்கான பெரிய பிரிவு கொழும்பு வெலிக்கடையில் உள்ளது. கல்முனையிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். மட்டக்களப்புச் சிறைக்கே ஏறக்குறைய 40 கிலோமீற்றர். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை தாயுடன் சிறையில் இருக்கலாம். ஆறு வயதுப் பிள்ளை? உம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்து நிற்க வேண்டியதுதான்.

குற்றம் புரிந்தவர் தண்டனை அனுபவிக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். ஆயின், உள்ளே இருப்போர் யார் என்பதையும் கேளுங்கள். அண்மைய ஆண்டுகளின் சிறைப் புள்ளிவிபரங்களைப் புரட்டினால், தண்டனைக் கைதிகளாக ஆண்டுதோறும் சிறை புகுவோரிற் பாதிக்கு மேற்பட்டோர் தண்டப்பணம் கட்ட வழியற்றவர்கள் எனக் காண்கிறோம். நீதவான் விதித்தது பணம். வறுமை அதனைச் சிறையாக்கிற்று. அதே குற்றத்துக்குப் பணமுள்ளவர் அன்று மாலையே வீடு திரும்புகிறார். அரசாங்கமோ தண்டப்பணத்தை இழந்ததுமன்றிக் கைதியின் சோற்றுச் செலவையும் ஏற்கிறது. விந்தையான கணக்கு இது!

வேறு வழி இல்லையென்று எவரும் சொல்ல முடியாது. தண்டப்பணத்தைத் தவணைமுறையிற் கட்ட அனுமதிக்க 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் இடந்தருகிறது. சிறைக்குப் பதிலாக ஊரிலிருந்தே பொதுவேலை செய்து தண்டனையைக் கழிக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம் 1999இல் வந்தது. 2010இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற பாங்கொக் விதிகள் எழுபதும், பெண் கைதிகளைப் பற்றியவை. கருவுற்றவளுக்கும் பிள்ளைகளைப் பராமரிப்பவளுக்கும் இயன்றவரை சிறையல்லாத தண்டனையே ஏற்றது என்றும், சிறை தவிர்க்க முடியாதாயின் அது வீட்டுக்கு அருகில் அமைய வேண்டும் என்றும் அவை கூறுகின்றன.

குறை சட்டத்தில் மாத்திரம் இல்லை. தவணை கேட்கலாம் என்ற செய்தியையே அறியாமற் கூண்டில் நிற்பவளுக்கு அதனை எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். சட்டத்தரணி வைக்க வசதியற்றோருக்காகச் சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. இன்னொன்று: ஸகாத் பெற உரிய எண்வகையினருள் கடன்பட்டோரும் அடங்குவர். தண்டப்பணம் கட்ட முடியாத தாய் அவ்வகையிற் சேர்வாளா என்பதை, வரும் நோன்புக்கு முன்னரே, ஊர் ஆலிம்களிடம் கேட்டு வைக்கலாம்.