ஆறு தேக்கரண்டிச் சர்க்கரை

சர்க்கரை அமிர்தமா, நஞ்சா? இந்தக் கேள்வியை எழுப்பினால் போதும், நம் வீடுகளில் உடனே இரண்டு கட்சிகள் உண்டாகிவிடும். "பாயஸம் இல்லாத விருந்தும் ஒரு விருந்தா?" என்று கேட்பார் பாட்டியார். "சர்க்கரை வெள்ளை விஷம், பாட்டி!" என்று மறுப்பான் பேரன். இருவர் வார்த்தையிலும் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையின் கதையைக் கேட்க வேண்டும். ஓரிடத்தில் அந்த ஆறு கரண்டி, போகும் உயிரைப் பிடித்து நிறுத்துகிற மருந்து. மற்றோரிடத்தில் அதே ஆறு கரண்டி, "ஒரு நாளைக்கு இதற்கு மேல் வேண்டாம்" என்று வைத்தியர்கள் போட்டிருக்கும் எல்லைக் கோடு.

முதலில் மருந்தைப் பார்ப்போம்.

அகதி முகாமில் ஓர் அற்புதம்

1971-ஆம் ஆண்டில் கிழக்கு வங்காளத்தில் யுத்தம் மூண்டபோது, லட்சோபலட்சம் ஜனங்கள் எல்லையைக் கடந்து மேற்கு வங்காளத்தில் அடைக்கலம் புகுந்தார்கள். போங்காவ் என்னும் ஊரிலிருந்த அகதிகளிடையே காலரா பரவியது. காலரா கண்டவன் உடம்பிலிருந்து நீரும் உப்பும் ஆறாகப் பெருகி வெளியேறிவிடும். சில மணி நேரத்திலேயே உயிர் பிரியலாம். இரத்தக் குழாயில் ஊசி குத்தி உப்பு நீர் ஏற்றுவதே அக்காலத்து வைத்தியம். அந்த நீரோ கையிருப்புத் தீர்ந்துகொண்டிருந்தது. ஏற்றத் தெரிந்தவர்களும் போதவில்லை.

அங்கே பணி செய்த டாக்டர் திலீப் மகாலானோபிஸ் துணிந்து ஒரு காரியம் செய்தார். ஒரு லிட்டர் தண்ணீரில் 22 கிராம் குளுகோஸ், 3.5 கிராம் சமையலுப்பு, 2.5 கிராம் ஆப்பச் சோடா ஆகியவற்றைக் கரைத்து, வாயாலேயே குடிக்கக் கொடுக்கச் செய்தார். நோயாளியின் பக்கத்தில் இருந்த உறவினர்களே அதைப் புகட்டினார்கள். நூற்றுக்கு 30 வரையில் இருந்த மரணம், நூற்றுக்கு 4-க்கும் கீழே இறங்கியது!

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. காலராவில் குடலுக்கு உப்பையும் நீரையும் தனியே இழுத்துக்கொள்ளும் சக்தி குன்றிவிடுகிறது. ஆனால் குளுகோஸ் கூட வந்தால், குடலின் சுவரிலுள்ள ஒரு வாசல் திறக்கிறது. குளுகோஸ் உப்பையும் கைப்பிடித்து உள்ளே அழைத்துச் செல்கிறது; அவற்றின் பின்னே நீரும் போகிறது. இந்த ரகசியத்தை ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1960-இலேயே எடுத்துச் சொல்லியிருந்தார்.

வீட்டில் பேதி கண்டால் இன்றும் இதே முறைதான். கடையிலோ ஆஸ்பத்திரியிலோ கிடைக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் உத்தமம். அது கிடைக்கும் வரையில், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், இரண்டையும் தலை தட்டி அளந்து, கரைத்துக் கொடுக்கலாம். நோய் கடுமையானால் வைத்தியரிடம் ஓட வேண்டியதுதான். ஆனால், "குழந்தை பாவம், இன்னும் கொஞ்சம் தித்திப்பாக இருக்கட்டும்" என்று எட்டாகவோ பத்தாகவோ போட்டுவிடக் கூடாது. சர்க்கரை மிகுந்தால் அது உடம்பிலுள்ள நீரைக் குடலுக்குள் இழுத்து, பேதியை அதிகமாக்கிவிடும். 2002-இல் பொட்டலத்திலுள்ள குளுகோஸின் அளவையும் லிட்டருக்கு 13.5 கிராமாகக் குறைத்துவிட்டார்கள். மருந்தாகும்போதுகூட சர்க்கரைக்கு அளவு முக்கியம்.

அருமை போய் மலிவு வந்தது

அளவைப் பற்றி நம் முன்னோர்கள் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. கவலைப்படும் அளவுக்குச் சர்க்கரை அவர்களுக்குக் கிடைக்கவுமில்லை. "ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை" என்ற பழமொழியே இதற்குச் சாட்சி. அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்ததை ஒரு பெரும் புகழாகவே புறநானூற்றில் ஒளவையார் பாடியிருக்கிறார்.

அருமைப் பொருளை மலிவுப் பொருளாக்கியதில் தமிழ்நாட்டுக்கும் பெரும் பங்கு உண்டு. 1912-இல் கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. அங்கே பார்பர், டி. எஸ். வெங்கட்ராமன் ஆகிய இருவரும், சாறு மிகுந்த கரும்பையும், யாரும் சீந்தாமல் ஆற்றங்கரையில் கிடக்கும் நாணலையும் சேர்த்துப் புதிய ஜாதிக் கரும்பை உண்டாக்கினார்கள். கரும்பு இனிமையைத் தந்தது. நாணல் எதையும் தாங்கும் உரத்தைத் தந்தது. 1918-இல் வெளிவந்த "கோ 205" என்ற கரும்பும், அதன் பின் வந்த தம்பிமார்களும் வட இந்திய வயல்களைப் பிடித்துக்கொண்டன. 1932-இல் அந்நியச் சர்க்கரைக்கு எதிராகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்போது சுமார் 30 ஆக இருந்த ஆலைகள், ஐந்தாறு ஆண்டுகளுக்குள் 130-க்கு மேல் பெருகின. ஜாவாச் சர்க்கரைக்காகக் காத்திருந்த தேசம் தன் சர்க்கரையைத் தானே செய்துகொண்டது. மகத்தான வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் வெற்றிக்குப் பிறகு வரும் விபரீதம் ஒன்று உண்டு. அது மிதமிஞ்சிப் போவது.

எல்லைக் கோடு

நாம் உண்ணும் சர்க்கரை என்பது குளுகோஸும் ஃப்ரக்டோஸும் கைகோத்து நிற்கும் ஒரு ஜோடி. ஒரு கிராமில் 4 கலோரி சக்தி உண்டு. அதைத் தவிர உயிர்ச்சத்தோ, புரதமோ, நாரோ இல்லை. 1 தேக்கரண்டி சுமார் 4 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் ஒரு நெறியை வெளியிட்டது. உணவில் நாம் சேர்க்கும் சர்க்கரை, தேன், பழரஸம் இவற்றிலிருந்து வரும் இனிப்பு, உணவின் மொத்தச் சக்தியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இருபதில் ஒரு பங்குக்குள் அடங்கினால் இன்னும் நல்லது என்பதே அது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு அந்த இருபதில் ஒரு பங்கு 25 கிராம். அதாவது, நம் ஆறு தேக்கரண்டி!

தினம் நாலு வேளை காபி, வேளைக்கு இரண்டு கரண்டி என்றால், காபியிலேயே எட்டு ஆகிவிட்டது. கடையில் வாங்கும் "கலர்" வகையறாக்கள் பலவற்றில் 300 மில்லி லிட்டருக்கு 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. முழுப் பழத்தைக் கடித்துத் தின்பது இந்தக் கணக்கில் சேராது. அதிலுள்ள நார், இனிப்பை மெதுவாக விடுகிறது. பிழிந்து வடிகட்டினால் கணக்கில் சேர்ந்துவிடும்.

இந்தக் கட்டுப்பாட்டால் பயன் உண்டா? இங்கிலாந்தில் 1940 முதல் 1953 வரை சர்க்கரை ரேஷனில் இருந்தது. அது நீங்கியவுடன் ஜனங்கள் உண்ட சர்க்கரை ஏறக்குறைய இரட்டிப்பாயிற்று. கருவிலும், பிறந்து இரண்டு வயது வரையிலும் ரேஷன் காலத்தில் இருந்தவர்களையும், அதற்குப் பின் பிறந்தவர்களையும் ஒப்பிட்டு, 2024-இல் "சயன்ஸ்" பத்திரிகையில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. முதல் வகையினருக்கு நடுவயதுக்கு மேல் வரும் நீரிழிவு சுமார் 35 சதவிகிதமும், இரத்தக் கொதிப்பு சுமார் 20 சதவிகிதமும் குறைவாக இருந்தனவாம். தொட்டிலில் பழகிய நாக்கு, அறுபது வயது வரையில் கணக்குக் கேட்கிறது!

பெயரும் மயக்கமும்

நம் தேசத்தில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று கூறுகிறது. "சர்க்கரை வியாதி" என்று பெயர் வைத்திருப்பதால், சர்க்கரை ஒன்றே இதற்குக் காரணம் என்று எண்ணிவிடலாகாது. பரம்பரை, உடற்பருமன், உடல் உழைப்பின்மை, அளவு மீறிய அரிசிச் சோறு ஆகிய எல்லாம் சேர்ந்த கூட்டுச் சதி அது. இந்நோய்க்கு மருந்து உண்பவருக்கு இரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும்போது, அவரைக் காப்பாற்றுவதும் மூன்று நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையேதான்.

"நான் வெள்ளைச் சர்க்கரையைத் தொடுவதே இல்லை, வெல்லமும் கருப்பட்டியும்தான்" என்று பெருமை கொள்வோரும் உண்டு. அவற்றில் சில தாது உப்புகள் சிறிதளவு இருப்பது மெய். ஆனால் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். நிறம் மாறினால் கணக்கு மாறாது.

ஆகையால், பண்டிகைப் பாயஸத்தை யாரும் கைவிட வேண்டியதில்லை. தினசரிக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். பெரியவர்கள் நால்வர் உள்ள குடும்பத்துக்கு, தலைக்கு 25 கிராம் வீதம் மாதத்துக்கு 3 கிலோ ஆகிறது. வெல்லம், தேன், மிட்டாய், பிஸ்கோத்து, பானம் எல்லாம் இதற்குள் அடக்கம். அடுத்த மாதச் சாமான் பட்டியலை எழுதும்போது, "சர்க்கரை" என்ற வார்த்தைக்கு எதிரே நீங்கள் போடும் எண்ணைச் சற்று நிதானித்துப் பாருங்கள்.