காட்டில் விளைவது வரகு... காலைத் தட்டில் ஏன் வெறும் இட்லி?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மானாவாரிக் கிராமங்களில் விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ‘காலை 7 மணிக்கு ஆறு இட்லி சாப்பிட்டுவிட்டுக் களையெடுக்கப் போனால், 10 மணிக்கே பசிக்கிறது. பரிசோதனை செய்தால் சர்க்கரையும் கூடுதலாக இருக்கிறது. ஏன்?’

தீட்டிய அரிசியில் நார்ச்சத்து குறைவு. அதை அரைத்துப் புளிக்கவைத்து, ஆவியில் வேகவைக்கும்போது மாவுச்சத்து இளகிவிடுகிறது. அது வேகமாகச் செரித்து, குளுக்கோஸாக ரத்தத்தில் கலக்கிறது. பருப்பிலுள்ள புரதமும் நார்ச்சத்தும், நிலக்கடலையிலுள்ள எண்ணெயும் இந்த வேகத்தைக் குறைக்கும்.

சர்க்கரை ஏறும் வேகத்தை அளக்க ‘கிளைசெமிக் இண்டெக்ஸ்’ என்ற குறியீட்டை, 1981-ம் ஆண்டு டொரொண்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் வெளியிட்டனர். குளுக்கோஸுக்கு 100 மதிப்பெண். 55 வரை குறைவு. 70-க்கு மேல் அதிகம்.

பசி அடங்குவது தனிக்கணக்கு. 1995-ல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வில், வெள்ளை ரொட்டியின் நிறைவுத்தன்மையை 100 என்று வைத்து 38 உணவுகளை ஒப்பிட்டார்கள். வேகவைத்த உருளைக்கிழங்கு 323 பெற்று முதலிடம் பிடித்தது. ஆனால், அதே கிழங்கு சர்க்கரையை வேகமாக ஏற்றும். ஆக, வயிறு நிறைந்தாலே சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சிறுதானியம் என்றாலே போதுமா?

போதாது. கேழ்வரகை நைஸாக அரைத்துக் கூழாகக் குடித்தால், அதுவும் சர்க்கரையை ஏற்றும். வரகைப் பளீரென்று வெள்ளையாகத் தீட்டினால் நார்ச்சத்து தவிட்டோடு போய்விடும். உமி மட்டும் நீக்கிய வரகரிசியே நல்லது. மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த வரகை, மனிதர்களுக்கும் கொடுக்கக் கூடாது. மாட்டுக்கும் கொடுக்கக் கூடாது. மயக்கம், வாந்தி வரும்.

வீட்டில் செய்யக்கூடியவை

* இட்லி மாவில் பாதி அரிசிக்குப் பதில் வரகரிசி சேர்க்கலாம். உளுந்தைச் சற்றுக் கூட்டலாம்.

* ஆறு இட்லியை மூன்றாகக் குறைத்து, ஒரு கிண்ணம் பச்சைப்பயறு அல்லது தட்டைப்பயறு சுண்டல் சேர்க்கலாம். சுண்டலை முதலில் சாப்பிடுவது நல்லது.

* கோழித் தீவனத்துக்குப் போகும் மக்காச்சோளத்தில் ஒரு மரக்கால் வீட்டுக்கு ஒதுக்கி, ரவையாக உடைத்து, காய்கறி நிறையப் போட்டு உப்புமா கிண்டலாம்.

* தேங்காய்ச் சட்னிக்குப் பதில் நிலக்கடலைச் சட்னி வைத்தால் புரதம் கூடும்.

* பழைய சோற்றில், ஆறிய மாவுச்சத்தின் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறியிருக்கும். ஆனாலும் அது சோறுதான், அளவு முக்கியம்.

சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் காலை உணவைத் தவிர்க்கக் கூடாது. சர்க்கரை திடீரென இறங்கி, வயலிலேயே மயங்கி விழ நேரிடலாம். உணவை மாற்றும் முன்பு மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

உணவு ஒத்துக்கொள்கிறதா என்பதை, சாப்பிட ஆரம்பித்த 2 மணி நேரத்தில் எடுக்கும் பரிசோதனை சொல்லிவிடும். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளர்கள், வீட்டுக்கே வந்து சர்க்கரை பார்க்கிறார்கள். ஒருநாள் இட்லிக்கு, மறுவாரம் வரகுக்கு என்று இரண்டு அளவுகளையும் நோட்டில் எழுதி வைத்தால், எது தன் உடம்புக்கு ஏற்றது என்பது அவரவருக்கே தெரிந்துவிடும்.