சில்லறையாக விற்கும் சிகரெட்

புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களில் இலங்கை பின்தங்கிய நாடு அன்று. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்தை 2003இலேயே ஏற்று உறுதிப்படுத்திய இந்நாடு, 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் 21 வயதுக்குக் குறைந்தவர்க்குப் புகையிலைப் பொருள் விற்பதைக் குற்றமாக்கியது. ஆயினும் தலவாக்கலைத் தோட்டங்களிலிருந்து பேராதனைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ வந்தாறுமூலைக்கோ பல்கலைக்கழகக் கல்விக்காகச் செல்லும் மாணவர், 19 வயதளவில் உயர்தரப் பரீட்சை எழுதி, பெறுபேற்றுக்கும் வெட்டுப்புள்ளி எனப்படும் குறைந்தபட்ச அனுமதிப் புள்ளிக்கும் காத்திருந்து வளாகத்துள் நுழைகையில் 21ஐ எட்டியோ நெருங்கியோ விடுவதால், சட்டத்தின் வேலியும் பெற்றோர் கண்காணிப்பும் ஏறத்தாழ ஒரே காலத்தில் விலகிவிடுகின்றன.

புகையிலை அவருக்குப் புதியதும் அன்று. கொழுந்து பறிக்கும் பெண்கள் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்புடன் புகையிலைத் துண்டையும் சேர்த்து மெல்வதை லயத்தில் பார்த்தே வளர்ந்தவர் அவர். அந்த வெற்றிலையும் கூறு கூறாக, கையிலுள்ள காசுக்கேற்பவே வாங்கப்படுவது. சிகரெட்டும் அவ்வாறே வருகிறது. தேநீர்க்கடையில் பிளேன்டீயோடு ஒன்று கேட்டால், கடைக்காரர் பெட்டியிலிருந்து உருவித் தருகிறார். கயிற்றில் கட்டித் தொங்கும் லைட்டரில் பற்றவைத்துக்கொள்ளலாம். முழுப் பெட்டியின் விலை மாணவர் கைக்கு எட்டாது என்பதால் அதுவே அவரைத் தடுக்கக்கூடும். ஒற்றைச் சிகரெட்டுக்கு அத்தடை இல்லை. புகைத்த சில விநாடிகளில் மூளையை எட்டி அடிமைத்தனத்தை விளைக்கும் நிக்கோட்டின், ஒவ்வொன்றாக வாங்குபவரையும் விட்டுவைப்பதில்லை.

இம்முறையின் மற்றொரு தீங்கு கவனிக்கப்படாமலே போகிறது. பெட்டியின் பரப்பில் 80 சதவீதம் எச்சரிக்கைப் படம் இருக்கவேண்டும் என்ற 2012ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியை இலங்கைப் புகையிலைக் கம்பனி நீதிமன்றத்தில் எதிர்த்து, 2014இல் அதனை 50 முதல் 60 சதவீதமாகக் குறைக்கச் செய்ததும், 2015இல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி மீண்டும் 80 ஆக்கியதும் சிறிய போராட்டம் அன்று. ஆனால் ஒற்றைச் சிகரெட் வாங்கும் மாணவர் அப்பெட்டியைக் கையில் எடுப்பதே இல்லை. புண்பட்ட வாயின் படத்தை நாள்தோறும் பார்ப்பவர் கடைக்காரர்தான்.

மகாராஷ்டிர அரசு 2020 செப்டெம்பரில் உதிரிச் சிகரெட், பீடி விற்பனையைத் தடைசெய்தது. இலங்கை ஏற்ற சமவாயத்தின் 16ஆம் உறுப்புரையும், வயது குறைந்தோர்க்குச் சிகரெட்டை எளிதில் கிட்டச்செய்யும் உதிரி விற்பனையைத் தடுக்க முயலுமாறு உறுப்பு நாடுகளைக் கேட்கிறது. தேநீர்க்கடையில் இவ்விற்பனை தொடரும்வரை, வளாகத்தினுள் நடத்தும் விழிப்புணர்வுக் கருத்தரங்குகளால் பெரும்பயன் விளையாது.