எல்லாக் கறுப்பும் மங்கு அல்ல

கன்னத்தில் கறுப்பு படர்ந்தால் 'மங்கு' என்று நாமே முடிவுசெய்து, மருந்துக்கடையில் ஒரு டியூப் வாங்கிப் பூசிவிடுகிறோம். பெரும்பாலும் அது மங்குதான். ஆனால் வெயிலில் போய்வந்தால் எரிகிறதா? தடவிப் பார்த்தால் தடித்திருக்கிறதா? இரு கன்னங்களிலும் மூக்குத்தண்டிலும் படர்ந்து, மூக்கோரத்திலிருந்து வாய்ப்பக்கம் இறங்கும் மடிப்பை மட்டும் விட்டுவைத்திருக்கிறதா? அப்படியென்றால் லூபஸாக இருக்கலாம்.

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே உடலைத் தாக்கும் நோய் இது. இந்த நோய் வருபவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பாடநூல்களில் இதன் தடிப்பைச் சிவந்த வண்ணத்துப்பூச்சி வடிவமாகக் காட்டுவார்கள். பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்த படங்கள். நம் நிறத்தில் அந்தச் சிவப்பு ஊதாவாகவோ பழுப்பாகவோதான் தெரியும். சிவப்பைத் தேடும் கண்ணுக்கு நோய் தப்பிவிடுகிறது.

மருந்துக்கடையில் வாங்கிய அந்த டியூபில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். பூசியதும் தடிப்பு அடங்கும், நிம்மதி வரும். ஆனால் லூபஸால் உள்ளே சிறுநீரகம் பழுதாகிக்கொண்டிருக்கலாம். அதனால்தான் முகத்தைக் காட்டப் போனவரிடம் டாக்டர் சிறுநீரில் புரதம் பார்க்கச் சொல்கிறார். வலியில்லாத வாய்ப்புண், கொத்தாக முடி உதிர்தல், மூட்டுவலி இருந்தால் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.

தோலில் அடையாளம் காட்டும் இதுபோன்ற வேறு இரண்டு நோய்களும் உண்டு. கண்ணிமையில் ஊதா நிறம், விரல் முட்டிகளில் தடிப்பு, கூடவே மாடிப்படி ஏறவும் தலைவாரவும் முடியாத தளர்ச்சி என்றால் டெர்மட்டோமயோசைட்டிஸா என்று பார்க்க வேண்டும். பெரியவர்களுக்குப் புற்றுநோய்ப் பரிசோதனையும் தேவை. குளிர்ந்த நீரில் விரல் வெளுத்து நீலமாகி, தோல் இறுகி, மார்பிலும் கழுத்திலும் உப்பும் மிளகும் தூவியதுபோல் புள்ளிகள் விழுந்தால் அது ஸ்கிளீரோடெர்மாவாக இருக்கலாம். அதை வெண்புள்ளி என்று நினைத்துக் காலம் கடத்துபவர்கள் உண்டு.

லூபஸுக்கு அடிப்படை மருந்து ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாமல் கொடுப்பது வழக்கம். விழித்திரையை அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். பிள்ளை உண்டானதும் பயந்து இதை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தினால்தான் நோய் கிளம்பும். கர்ப்பத்திலும் தொடரலாம் என்பதே மருத்துவ வழிகாட்டல். வெயிலுக்குக் குடை, முழுக்கைச் சட்டை, எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். லூபஸா என்று பார்க்கச் செய்யும் ஏஎன்ஏ ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்பதாலேயே கலங்க வேண்டாம். நோயில்லாத பலருக்கும் அப்படி வரும்.

டாக்டரைப் பார்க்கும் நாளில் தடிப்பு மறைந்திருக்கக்கூடும். தடிப்பு கிளம்பிய அன்றே, பகல் வெளிச்சத்தில், பவுடர் போடாமல் போனில் படம் எடுத்து வையுங்கள்.