பின்னல் கயிறும் மண்வெட்டியும்

கடைசி மணி அடித்துச் சைக்கிள்கள் எல்லாம் வாயிலைக் கடந்து போன பிறகு, தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் அரசு மேல்நிலைப் பள்ளியில், வேப்பமரத்து நிழலில் பன்னிரண்டு மாணவிகள் பின்னல் கோலாட்டம் பழகுவதைச் சென்ற புரட்டாசியில் சில நாட்கள் தொடர்ந்து பார்க்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. கிளையில் கட்டிய இரும்பு வளையத்திலிருந்து பன்னிரண்டு வண்ணக் கயிறுகள் தொங்கின. இடக் கையில் கயிற்றின் நுனியையும் வலக் கையில் கோலையும் பிடித்து, அறுவர் வலமாகவும் அறுவர் இடமாகவும் சுற்றி, எதிரே வருகிறவளுக்கு ஒரு தரம் உட்புறமும் அடுத்தவளுக்கு வெளிப்புறமுமாக விலகி விலகி அவர்கள் ஆடி வருகையில், தலைக்கு மேலே கயிறு ஜடைபோல் தானாகவே பின்னிக்கொண்டு இறங்கிற்று. ஆசிரியை கை தட்டியதும், வைத்த அடிகளையே எதிர்த்திசையில் வைத்துப் பின்னலைச் சிக்கின்றிப் பிரித்துவிட வேண்டும்.

இரண்டாம் நாள் யாரோ ஒருத்தி உட்புறம் போகவேண்டிய இடத்தில் வெளிப்புறம் போய்விட்டாள். பிரிக்கும்போதுதான் முடிச்சு தெரிந்தது. முடிச்சைப் பார்த்து அது யாருடைய பிழை என்று சொல்ல ஒருவராலும் முடியவில்லை. பன்னிரண்டு பேரும் நின்ற இடத்திலேயே நின்று, ஒவ்வோர் அடியாகப் பின்னால் எண்ணி, கால் மணி நேரம் பொறுமையோடு அதை அவிழ்த்தார்கள். ஒருத்தி மாத்திரம் தன் கயிற்றை விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் மற்றப் பதினொருவரின் கயிறும் அன்று அவிழ்ந்திராது.

அவர்களில் பெரும்பாலோர் பதினோராம் வகுப்பினர். நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்து, காலாண்டு விடுமுறையில் பக்கத்துக் கிராமத்தில் நடக்கவிருந்த ஏழு நாள் சிறப்பு முகாமுக்கும் ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள். நடனக் குழு ஆண்டு விழாவின் அலங்காரத்துக்கு, தொண்டுச் சங்கம் சான்றிதழுக்கு, படிப்பு மதிப்பெண்ணுக்கு என்று மூன்று தனிப் பெட்டிகளில் போட்டுப் பூட்டிவைப்பதே நம் பள்ளிகளில் சம்பிரதாயமாகிவிட்டது. முதல் இரண்டும் ஒரே கல்வியின் இரண்டு அங்கங்கள் என்பது அந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு உறுதிப்பட்ட அபிப்பிராயம்.

சரித்திரத்தைப் பார்த்தாலும் இவ்விரண்டுக்கும் ஓர் உறவு உண்டு. இந்தியாவில் சாரணர் இயக்கம் ஆதியில் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கே உரியதாக இருந்த காலத்தில், இந்தியச் சிறுவர்களுக்கென்று 1916-ஆம் ஆண்டு சென்னையில் ஒரு சாரணர் சங்கத்தை அன்னி பெசன்ட் அம்மையார் நிறுவினார். அப்பணியில் அவருக்குத் துணை நின்றவர் ஜார்ஜ் அருண்டேல். அந்த அருண்டேலின் மனைவியாரான ருக்மிணி தேவிதான், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதநாட்டியத்தின் பழைய வடிவமாகிய சதிர் பயின்று 1935-இல் அடையாற்றில் அரங்கேறி, மறு ஆண்டே கலாக்ஷேத்திரமாக வளர்ந்த ஸ்தாபனத்துக்கு அஸ்திவாரம் இட்டார். பரம்பரை பரம்பரையாக அக்கலையைக் காத்துவந்த இசை வேளாளர் குலத்துப் பெண்களுக்கு, அது பிற குலத்தாரிடமும் பரவிய அந்த மாற்றத்தில் உரிய இடம் கிடைக்கவில்லை என்ற வருத்தம் நியாயமானது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனாலும், நடனமாடுவது குடும்பப் பெண்களுக்குத் தகாது என்ற எண்ணம் மெல்ல மெல்லத் தளர்ந்து, எல்லா வீட்டுச் சிறுமியரும் பள்ளி மேடையில் சலங்கை கட்டிக்கொள்ளும் நிலை பிறப்பதற்கு அந்த மாற்றமும் ஒரு காரணம்.

தொண்டின் கதை பிறகு பல கிளைகளாக விரிந்தது. காந்தியடிகளின் நூற்றாண்டில், 1969-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் தேதி, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் பின்னர் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்தது. இளஞ்செஞ்சிலுவைச் சங்கமும், சாரண சாரணியர் படையும், பசுமைப் படையும் உண்டு. ரோட்டரியின் பள்ளி மாணவர் கிளையாகிய இன்டராக்ட், 1962-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துப் பள்ளி ஒன்றில் 23 பேரோடு பிறந்தது.

நடனத்துக்கும் இப்போது நல்ல காலம் பிறந்திருக்கிறது. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடைபெறும் கலைத் திருவிழாவில், பள்ளி, வட்டாரம், மாவட்டம் என்று படிப்படியாக ஏறி மாநில மேடையில் வெல்லும் பிள்ளைகள் கலையரசன், கலையரசி என்ற பட்டம் பெறுகிறார்கள். கரகமும் ஒயிலும் கும்மியும் இதனால் வகுப்பறை வாசலுக்கே வந்துவிட்டன. ஆயினும் ஒரு குறையை மனம் நொந்தே சொல்கிறேன். நான் சிறுவனாகப் படித்த பள்ளியில், ஆண்டு விழா நடனத்துக்கு நன்றாக ஆடத் தெரிந்த ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்துவிட்டு, உடை வாடகை கொடுக்க அவள் வீட்டில் வழியில்லை என்று தெரிந்ததும், நிறமும் பார்வைக்குப் பொருந்தவில்லை என்று ஒரு காரணத்தையும் சேர்த்து, வரிசையிலிருந்து நீக்கினார்கள். விழா நடந்த இரவில் அவள் திரைக்குப் பின்னால் நின்று, பிறருடைய தலையில் பூ வைத்துக்கொண்டிருந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. வாடகை உடையும் முகப்பூச்சும் முன்வரிசை நிறமும் நடனத்தின் பகுதியென்று ஆகிவிட்டால், கலை வாய்த்த குழந்தைகளில் பாதிப் பேர் வெளியே நிற்க நேரும். வேப்பமரத்தடிப் பெண்களோ பள்ளிச் சீருடையிலேயே ஆடினார்கள். கோல்களை ஊர்த் தச்சர் இழைத்துத் தந்திருந்தார்.

முகாம் தொடங்கியதும் நானும் இரண்டு நாட்கள் அந்தக் கிராமத்துக்குப் போய் வந்தேன். காலையில் குளத்துக் கரையில் மண்டியிருந்த சீமைக் கருவேலத்தை ஆண்பிள்ளைகள் வெட்டிச் சாய்க்க, முள் குத்தாமல் இழுத்துக் குவிப்பதற்குப் பெண்கள் வரிசையாக நின்று கைமாற்றினார்கள். ஒருத்தி கிளையை நீட்டும்போது அடுத்தவள் எந்தப் பக்கம் விலக வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. எதிரே வருகிறவளின் தோளைப் பார்த்தே அது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மத்தியானம் கால்நடை மருத்துவர் வந்தார். சாயங்காலம் மாரியம்மன் கோயில் திடலில் கலை நிகழ்ச்சி.

கோலாட்டத்தை ஊரார் அமைதியாகப் பார்த்தார்கள். அடுத்துப் பெண்கள் கும்மி கொட்டத் தொடங்கியதும், எழுபது வயதைத் தாண்டிய ஓர் ஆச்சி திண்ணையிலிருந்து எழுந்து வந்து, "அப்படியில்லை, தாயி. குனியறப்போ ஒண்ணு, நிமிந்து திரும்பறப்போ ரெண்டு" என்று தாமே முன்னின்று கொட்டிக் காட்டினார். முதலில் கூசிய பிள்ளைகள் பிறகு அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். மேலும் நாலைந்து பாட்டிமார் சேர, வட்டம் பெரிதாயிற்று. ஆடி முடித்து மூச்சு வாங்க உட்கார்ந்த ஆச்சி, தம் வீட்டுக் கொல்லைக் கேணிக்குப் போகும் வழியும் முள்ளால் அடைந்து கிடப்பதாகச் சொன்னார். திட்ட அலுவலரின் பட்டியலில் அந்த வேலை இல்லை. மறுநாள் விடியற்காலையில் யாரும் அழைக்காமலே ஆறு பெண்கள் மண்வெட்டியோடு அங்கே நின்றார்கள்.

விடுமுறை கழிந்து பள்ளி திறந்த பின் ஒரு மாலை மறுபடியும் அவ்வழியே போனேன். கயிறுகளைச் சுருட்டிக் கிளையில் மாட்டிவிட்டு, மாணவிகள் குனியும்போது ஒன்றும் திரும்பும்போது இரண்டுமாக, ஆச்சியின் கும்மியைத் தங்கள் ஆசிரியைக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.