கிட்டாருக்குக் குடம் எங்கே?

மின் கிட்டாரை எதிலும் செருகாமல் ஒருமுறை மீட்டிப் பாருங்கள். கொசு பாடுவதுபோல ஒரு சத்தம் வரும். அடுத்த அறைக்குக்கூடக் கேட்காது. வீணைக்குக் குடம் இருக்கிறது. தஞ்சாவூரில் பலா மரத்தைக் குடைந்து செய்கிற அந்தக் குடம்தான் தந்தியின் அதிர்வை வாங்கி, தன் குணத்தையும் கொஞ்சம் கலந்து காற்றில் விடுகிறது. மின் கிட்டாரின் உடம்போ பெரும்பாலும் கெட்டி மரம். அதன் குடம் நாலடி தள்ளித் தரையில் நிற்கிறது: ஆம்பின் ஸ்பீக்கர்.

இது பிடிபட்டால், டிஜிட்டல் ஆம்ப் மாடலர் வாங்கிவிட்டு 'யூடியூபில் கேட்டது மாதிரி இல்லையே' என்று வருந்துகிறவர்களின் சிக்கல் பாதி தீரும்.

1962-ல் லண்டன் ஹான்வெல் பகுதியில் டிரம்ஸ் கடை நடத்திவந்த ஜிம் மார்ஷலும் அவருடைய ஆட்களும் அமெரிக்காவின் ஃபெண்டர் பேஸ்மேன் ஆம்பைப் பிரித்துப் பார்த்து, அதே மாதிரி ஒன்று செய்தார்கள். சர்க்யூட் ஏறக்குறைய அதேதான். பேஸ்மேனில் 10 அங்குல ஜென்சன் ஸ்பீக்கர்கள்; இவர்கள் பொருத்தியவை 12 அங்குல செலஸ்டியன். ஒலியைப் பெருக்கும் வால்வுகளும் வேறு. ராக் இசையின் குரலே மாறிப்போனது. அந்த 12 அங்குலக் காகிதக் கூம்பு ஏறக்குறைய 75 ஹெர்ட்ஸில் தொடங்கி 5,000 ஹெர்ட்ஸ் வரைதான் ஒழுங்காகப் பேசும். அதற்கு மேல் சத்தம் செங்குத்தாகச் சரிந்துவிடும். 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் காதுக்கு இது அரைகுறை ஸ்பீக்கர். ஆனால் அந்த அரைகுறைதான் கிட்டாரைக் காப்பாற்றுகிறது. வால்வை அதன் சக்திக்கு மேல் முடுக்கும்போது அலையின் தலையும் காலும் சீவப்படுகின்றன. சீவிய இடத்திலிருந்து புதிய மேற்சுரங்கள் கொத்துக் கொத்தாகப் பிறக்கும். அவற்றை முழுதாகக் கேட்டால் தகரத்தில் ஆணியால் கீறியதுபோல் இருக்கும். காகிதக் கூம்பு அந்தக் கீறலை வடிகட்டிவிட்டு, முறுமுறுப்பை மட்டும் மிச்சம் வைக்கிறது. 1964-ல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தன் சிறிய ஆம்பின் ஸ்பீக்கரைப் பிளேடால் கிழித்தே அந்தக் காலத்துக்குப் புதிதான ஒரு கரகரப்பைக் கொண்டுவந்தார். ஸ்பீக்கரும் ஒரு வாத்தியம் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

வால்வு, ஸ்பீக்கர் என்ற இந்த முழு வரிசையையும் கணக்காக எழுதிச் சில்லுக்குள் போடுவதுதான் மாடலிங். 1998-ல் லைன் 6 நிறுவனம் வெளியிட்ட, சிவப்பு அவரை விதை வடிவப் 'பாட்' பெட்டிதான் இதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. 2006-ல் வந்த ஆக்ஸ்-எஃப்எக்ஸ் மாடலர் மேடைக் கலைஞர்களையும் நம்பவைத்தது.

கணக்கில் இரண்டு பாகம் உண்டு. ஸ்பீக்கர் பாகம் சுலபம். கோயில் மண்டபத்தில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள்; எதிரொலி அடங்கும்வரை பதிவு செய்துகொள்ளுங்கள். அந்தப் பதிவே மண்டபத்தின் கைரேகை. வீட்டில் பாடிய பாட்டை அதோடு கணிதமுறையில் பின்னிவிட்டால் மண்டபத்தில் பாடியதாகவே கேட்கும். ஸ்பீக்கருக்கும் இதே வித்தைதான். கிட்டார்காரர்கள் 'ஐ.ஆர்.' என்று சொல்வது இந்தக் கைரேகைக் கோப்பை.

வால்வு பாகத்தில் இந்த வித்தை பலிக்காது. மெல்லத் தட்டினால் ஒரு குணம், ஓங்கித் தட்டினால் வேறு குணம். போதாததற்கு, சற்று முன் என்ன வாசித்தீர்கள் என்பதையும் அது ஞாபகம் வைத்துக்கொள்கிறது. முதலில் சர்க்யூட்டின் ஒவ்வொரு உறுப்பையும் சமன்பாடாக எழுதினார்கள். இப்போது நரம்பணு வலையிடம் வேலையை ஒப்படைக்கிறார்கள். ஆம்புக்குள் போன ஒலி, வெளியே வந்த ஒலி இரண்டையும் சில நிமிடங்கள் கேட்கவைத்தால், நடுவில் நடந்ததை அது கற்றுக்கொள்கிறது. பேச்சொலிக்காக 2016-ல் டீப்மைண்ட் உருவாக்கிய வேவ்நெட் வடிவத்தை, பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வால்வு ஆம்புக்குத் திருப்பினார்கள். சாதாரணக் கணினியிலேயே, வாசிக்க வாசிக்க இது ஓடும் என்று 2020-ல் வெளியான அவர்களின் கட்டுரை காட்டியது. இன்று நியூரல் ஆம்ப் மாடலர் என்ற திறமூல மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஆம்பின் சாயல் இனி பணக்காரச் சரக்கு இல்லை.

பெட்டியின் மூளை மலிவாகிவிட்டது. சத்தம் கெட்டுப்போவது பெரும்பாலும் பெட்டியை விட்டு வெளியே வந்த பிறகுதான்.

மாடலரிலிருந்து வரும் ஒலியில் ஆம்ப், ஸ்பீக்கர், அதன் முன் வைத்த மைக் எல்லாமே அடங்கியிருக்கின்றன. அதைக் கொண்டுபோய்ச் சாதாரண கிட்டார் ஆம்பில் செருகினால் குடத்துக்குள் குடம் வைத்த கதை. ஒருமுறை வடிகட்டியது மறுபடி வடிகட்டப்பட்டு, போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் மந்தமாகிவிடும். நேர்மாறான தவறும் உண்டு. ஐ.ஆரை அணைத்துவிட்டு வீட்டு ஸ்டீரியோவில் கேட்பவர்கள் அந்தத் தகரக் கீறலை முழுசாக வாங்கிக்கொண்டு, வாங்கிய கம்பெனியைத் திட்டுவார்கள். இந்த ஒலிக்கு வேண்டியது தன் பங்குக்கு எதையும் சேர்க்காத ஸ்பீக்கர்: வீட்டில் ஸ்டுடியோ மானிட்டர், மேடையில் எஃப்.ஆர்.எஃப்.ஆர். என்று விற்கப்படும் முழுவீச்சு ஸ்பீக்கர்.

எந்த அளவு மானிட்டர்? கிட்டாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸ். நல்ல 5 அங்குல மானிட்டர்கள் 55 ஹெர்ட்ஸ் வரை இறங்கிவிடும். கிட்டாருக்கு அது போதும். சின்ன அறையில் 8 அங்குலமும் சப்வூஃபரும் வைப்பது தலைவலியை விலை கொடுத்து வாங்குவது. மேடை ஸ்பீக்கர் வாங்கும்போது அட்டையில் போட்டிருக்கும் வாட் எண்ணை நம்பி ஏமாறவும் கூடாது. தொண்ணூறுகளில் டேப் ரெக்கார்டர்கள்மேல் ஒட்டியிருந்த, வாட்டை ஊதிக் காட்டும் 'பி.எம்.பி.ஓ.' ஸ்டிக்கர் ஞாபகம் இருக்கிறதா? அதன் பேரன்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். வாட்டை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்றவேண்டுமானால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும்.

சரி, தட்டையான ஸ்பீக்கர் வந்தாயிற்று. இனி வில்லன் அறைதான்.

நம் ஊர்ப் படுக்கையறை பத்துக்குப் பன்னிரண்டு, உயரமும் பத்தடி என்று வைத்துக்கொள்வோம். பத்தடிச் சுவர்களுக்கிடையே ஒலி முன்னும் பின்னும் மோதி, சுமார் 56 ஹெர்ட்ஸிலும் அதன் இரட்டிப்பான 112 ஹெர்ட்ஸிலும் நின்ற அலையாகத் தங்கிவிடும். கிட்டாரின் ஐந்தாம் தந்தி 110 ஹெர்ட்ஸ்! அகலமும் உயரமும் ஒரே அளவாக இருப்பதால் இரண்டும் ஒரே சுரத்தில் கூட்டுச் சேர்ந்துகொள்கின்றன. அந்தத் தந்தியைத் தொட்டால் மட்டும் இரும்பு பீரோ கூடவே பாடுவது இதனால்தான். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் இந்த 112 உச்சத்தில் இருக்கும். சுவரை ஒட்டினாலும் அப்படியே. சுவரிலிருந்து இரண்டரை அடியில் அது அநேகமாகக் காணாமல் போகும். நான் பல நாள் ஈக்வலைசரோடு மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் நாற்காலியை இரண்டடி பின்னால் தள்ளியபோதுதான் ஐந்தாம் தந்தி அடங்கியது. செலவு பூஜ்யம்.

அறையைச் சரிசெய்யச் சொல்லும் அமெரிக்கக் குறிப்புகளை அப்படியே பின்பற்றுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அங்கே பல வீடுகளில் மரச்சட்டத்தில் அறைந்த ஜிப்சம் பலகைதான் சுவர். தாழ்ந்த ஒலியில் ஒரு பங்கை அது விழுங்கிவிடும், ஒரு பங்கு வெளியே கசிந்துவிடும். நம் செங்கல்லும் கான்கிரீட்டும் வாங்கியதை அப்படியே திருப்பித் தரும். முட்டை அட்டை ஒட்டுவதால் பயன் இல்லை. 110 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் மூன்று மீட்டருக்கு மேல். ஓர் அங்குல அட்டையும் ஃபோமும் அதை என்ன செய்துவிடும்? அதற்குப் பழைய பஞ்சு மெத்தையைச் சுருட்டி மூலையில் நிறுத்துவது மேல்.

அடுத்த சதி நம் காதுக்குள்ளேயே நடக்கிறது. சத்தம் குறைந்தால் தாழ்ந்த ஒலிகளும், ஓரளவுக்கு மிக உயர்ந்த ஒலிகளும் நடு ஒலிகளைவிட வேகமாக மங்குவதை 1933-ல் பெல் ஆய்வுக்கூடத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் வளைகோடுகளாக வரைந்து காட்டினார்கள். ராத்திரி பத்து மணிக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயந்து மெல்லிய சத்தத்தில் அமைத்த டோனில் பேஸும் ட்ரெபிளும் தாராளமாக ஏறியிருக்கும். அதே டோன் கச்சேரி மேடையில் அடிவயிற்றில் இடிக்கும், காதைக் கிழிக்கும், நடுவில் கிட்டார் மட்டும் கேட்காது. ஆகவே மேடைக்கான டோனை, ஒரு பகல் பொழுதிலாவது, மேடைச் சத்தத்தில் ஒருமுறை சரிபார்த்தே தீரவேண்டும்.

ஹெட்போனில் அறையின் தொல்லை இல்லை. ஆனால் ப்ளூடூத் ஹெட்போன் வேண்டாம். அதன் தாமதம் சாதாரணமாகவே நொடியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டும், விரல் ஒரு பக்கம் சுரம் ஒரு பக்கம் என்றாகிவிடும். கணினியில் வாசிப்பவர்கள் பஃபரை 128 சாம்பிளில் வைத்தால், நொடிக்கு 48,000 சாம்பிள் வேகத்தில், ஒரு வழிக்கு 2.7 மில்லிநொடி. போக, வர, மற்ற சில்லறை எல்லாம் சேர்த்தாலும் பயப்பட ஒன்றுமில்லை: ஆம்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்றாலே காற்றுவழியாக ஒலி வந்துசேர ஒன்பது மில்லிநொடி ஆகிறது. கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸில் பார்க்கவேண்டியது கிட்டாருக்கான தனி உள்ளீடு, ஒரு மெகாஓம் மின்மறுப்போடு. லேப்டாப்பின் மைக் துளையில் செருகினால் பிக்கப்பின் மின்சுருள் திணறி, உச்ச ஒலிகள் உள்ளே போகுமுன்பே செத்துவிடும். பிறகு எந்த நரம்பணு வலையாலும் அவற்றை மீட்கமுடியாது.

இத்தனையும் செய்த பிறகும் சிலருக்குக் குறை தீராது. 'நிஜ ஆம்ப் முன்னால் நிற்கிற மாதிரி இல்லை' என்பார்கள். அவர்கள் சொல்வது சரிதான். ஐ.ஆரில் இருப்பது கூம்புக்கு இரண்டங்குலத்தில் வைத்த மைக்கின் காது. மனிதர்கள் யாரும் அங்கே காதை வைத்துக் கேட்பதில்லை. பத்தடி தள்ளி நின்று, ஸ்பீக்கர்ப் பெட்டியின் முதுகிலிருந்தும் தரையிலிருந்தும் வருவதையெல்லாம் சேர்த்துக் கேட்கிறோம். இசைத்தட்டில் கேட்கும் கிட்டார் வேண்டுமென்றால் மானிட்டர் போதும். கால்சட்டை படபடக்கும் அந்த அடி வேண்டுமென்றால், மாடலருக்குப் பின்னால் ஒரு பவர் ஆம்ப் வைத்து, பழைய 12 அங்குலக் காகிதக் கூம்பையே இழுத்துவரவேண்டும். அப்போது மாடலருக்குள் இருக்கும் ஐ.ஆரை அணைத்துவிடுங்கள்.