தவழ்வதும் ஒரு படிப்புதான்



மெக்கானிக்கல் படிக்கிறவன் குழந்தை வளர்ச்சியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நம் வகுப்பிலேயே சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் புதுவாயல் பக்கமும் ஷிப்டுக்குப் போகிற அக்காமார்களின் குழந்தைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று யோசியுங்கள். ஆயா பார்க்கும், பக்கத்து வீட்டம்மா பார்ப்பாங்க. சாயங்காலம் காலேஜ் விட்டு வந்ததும் மாமா, சித்தி என்ற பெயரில் நாமும்தான் பார்க்கிறோம். அதனால் இது நம் பாடமும்கூட.

பிறந்த குழந்தையின் மூளை சுமார் 350 கிராம். ஒரு வயதில் அது 900 கிராம் அளவுக்கு வந்துவிடும். பெரியவர்களுக்கே 1,300, 1,400 கிராம்தான். நரம்பு செல்களில் பெரும்பாலானவை பிறக்கும்போதே இருக்கின்றன. அதற்குப் பிறகு கூடுவது செல்லுக்கும் செல்லுக்கும் இடையே உள்ள இணைப்புகளும், நரம்புக்கு மேல் ஏறும் மயலின் என்ற கொழுப்பு உறையும். எலக்ட்ரிக்கல் நண்பர்களுக்குச் சொன்னால் உடனே புரியும்: பேனல் போர்டு வந்தாச்சு, ஒயரிங்கும் இன்சுலேஷனும் நடந்துகொண்டிருக்கிறது. ஒரே ஒரு வித்தியாசம். நம் ஒயர்மேன் டிராயிங் பார்த்து இழுப்பார். மூளையோ முதலில் தேவைக்கு மேல் இழுத்துவிடும். அதில் பயன்பட்டதை வைத்துக்கொண்டு, பயன்படாததைக் கழித்துவிடும். எது பயன்படுகிறது என்பதைக் குழந்தையின் கையும் காலும் கண்ணும் காதும்தான் முடிவு செய்கின்றன.

உடம்பு வசப்படுவதில் ஒரு வரிசை உண்டு. தலையிலிருந்து கீழே, நடுவிலிருந்து வெளியே. மூணு நாலு மாசத்தில் கழுத்து நிற்கும். அப்புறம் குப்புறக் கவிழும், உட்காரும், தவழும், நிற்கும். கையிலும் அப்படியே. முதலில் தோளோடு சேர்த்து வீசும், பிறகு உள்ளங்கையால் மொத்தமாகப் பிடிக்கும். ஒன்பது பத்து மாதம் ஆகும்போது தரையில் கிடக்கும் ஒரு பொரியைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி எடுக்கும். சாதாரண விஷயமாகத் தெரியும். ஆனால் பொரி நசுங்காமல் எடுக்கிற அந்த வேலையை ஒரு ரோபோ கைக்குச் சொல்லிக்கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று நமக்குத் தெரியும்.

எங்க அக்கா பையன் பதினைந்து மாதம் ஆகியும் நடக்கவில்லை. அக்கா காண்ட்ராக்ட் வேலை, குழந்தைக்கு எட்டு மாதம் ஆனதுமே ஷிப்டுக்குத் திரும்பிவிட்டாள். தெருவில் ஆளுக்கொரு பேச்சு. "தாய் மடி இல்லாத பிள்ளை அப்படித்தான் இருக்கும்" என்று ஒருத்தர் அவள் காதில் விழும்படியே சொன்னார். அன்றைக்கு அவள் ராத்திரி சாப்பிடவில்லை. எங்க வீட்டில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான்தான். ஆகவே இதையும் படித்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு எனக்கே வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2006ல் வெளியிட்ட அளவுகளைத் தேடிப் படித்தேன். இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைப் பார்த்துக் கணக்கிட்டது அது. தனியாக நடப்பதற்கான இயல்பான வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை. இடைவெளியைப் பாருங்கள், ஒன்பது மாதத்துக்கும் மேல்! அந்தக் குழந்தைகளில் நூற்றுக்கு நாலு பேர் கை, முழங்கால் ஊன்றித் தவழவே இல்லை. நம் வெர்னியரில் இந்த மாதிரி டாலரன்ஸ் விட்டால் சார் ஜாபைத் தூக்கிப் போட்டுவிடுவார். குழந்தைக்கு அது சரியான அளவு. அக்காவிடம் இதைப் படித்துக் காட்டினேன். பையன் பதினாறு முடிந்து சில நாளில் நடந்தான்.

நடப்பதற்கும் பயிற்சி எவ்வளவு தெரியுமா? 2012ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 12 முதல் 19 மாதக் குழந்தைகள் விளையாடும்போது மணிக்குச் சராசரியாக 2,368 அடி எடுத்து வைத்தார்கள், 17 தடவை விழுந்தார்கள். முதல் வருஷம் ஃபிட்டிங் ஷாப்பில் ஒரு 'வி' ஜாயிண்ட் ஃபைல் பண்ண நாம் பட்ட பாடு இதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

இனி முக்கியமான இடம். கை கால் வளர்வது தனி, புத்தி வளர்வது தனி என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறோம். 1963ல் ஹெல்டு, ஹெய்ன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பூனைக்குட்டிகளை ஜோடி ஜோடியாக ஒரு ராட்டினத்தில் பூட்டினார்கள். ஒன்று தன் காலால் நடந்து ராட்டினத்தைச் சுற்றும். மற்றது தொட்டியில் உட்கார்ந்தபடி சுற்றும். இரண்டும் பார்த்தது ஒரே காட்சி. நடந்த குட்டி பள்ளத்தைக் கண்டால் ஒதுங்கியது. சும்மா சுமக்கப்பட்ட குட்டிக்குப் பள்ளமும் மேடும் பிடிபடவில்லை. பார்த்தால் மட்டும் போதாது, தானே நகர்ந்து பார்க்க வேண்டும்.

இதனால்தான் எனக்கு பஜாரில் விற்கிற வட்டமான பிளாஸ்டிக் வாக்கர் மேல் கோபம். போனஸ் வந்ததும் முதலில் அதைத்தான் வாங்குறாங்க. குழந்தை அதற்குள் தொங்கிக்கொண்டு விரல் நுனியால் தள்ளும். பேலன்ஸ் பண்ணும் வேலையை வண்டி எடுத்துக்கொள்கிறது, தன் காலே குழந்தை கண்ணுக்குத் தெரிவதில்லை. படியில் உருண்டு விழும் ஆபத்துக்காகவே கனடா 2004ல் அதன் விற்பனையைத் தடை செய்தது. நம் ஆட்கள் செய்த மூணு சக்கர மர நடைவண்டியில் குழந்தை பின்னால் நின்று தன் எடையைத் தானே தாங்கித் தள்ளுகிறது. டிசைன் என்றால் அதுதான் டிசைன்! புடவைத் தூளியும் தூங்குவதற்கு நல்லதுதான். விழித்திருக்கும் நேரத்தில் குழந்தைக்குத் தரை வேண்டும்.

டம்ளரைத் திரும்பத் திரும்பக் கீழே போடுகிற குழந்தையைத் திட்டாதீங்க. அது சோதனை நடத்துகிறது. சுவிட்சர்லாந்துக்காரர் பியாஜே தன் சொந்தக் குழந்தைகள் மூவரைக் கவனித்து எழுதியதும் இந்த மாதிரி விஷயங்களைத்தான். பொம்மையைத் துணியால் மூடினால் சின்னக் குழந்தைக்கு அது இல்லாமலே போய்விட்டது. எட்டு மாதம் வாக்கில் துணியை விலக்கித் தேடும். கண்ணுக்குத் தெரியாததும் இருக்கிறது என்ற அறிவு கை வழியாக வெளியே வருகிறது. மரியா மாண்டிசோரி 1939ல், தன் 69வது வயதில், சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். குழந்தை கையால் செய்துதான் கற்கிறது என்பதே அவர் கல்விமுறையின் அடிப்படை.

இதற்கெல்லாம் பணம் வேண்டாமா? ஜமைக்கா நாட்டில் 1986-87ல் தொடங்கிய ஒரு முயற்சி பதில் சொல்கிறது. வயதுக்கேற்ற உயரம் இல்லாத ஏழைக் குழந்தைகள் 129 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவினரின் வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளர் வாரம் ஒரு மணி நேரம், இரண்டு வருஷம் போனார். வீட்டிலேயே செய்த பொம்மைகளை வைத்துக் குழந்தையோடு எப்படி விளையாடுவது, பேசுவது என்று தாய்க்குக் காட்டினார். அவ்வளவுதான். அந்தக் குழந்தைகள் 22 வயதில், விளையாட்டுப் பயிற்சி கிடைக்காத குழந்தைகளைவிட 25 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். நம்மிடம் 1975லிருந்து அங்கன்வாடி இருக்கிறது. ஆனால் நம் தெருவில் பலருக்கு அது சத்துமாவு வாங்குகிற இடம் மட்டும்தான். மாவு உடம்புக்கு, மூடி, டப்பா, கதை, மற்ற பிள்ளைகள் எல்லாம் மூளைக்கு. சூளைக்கும் கம்பெனிக்கும் வந்த ஒடிசாக் குழந்தை அங்கே தமிழும் தெலுங்கும் சேர்த்துக் கேட்கிறது. அதனால் குழம்பிவிடாது, பயப்பட வேண்டாம்.

நம் பகுதிக்கென்று இன்னொன்றும் உண்டு. அது ஈயம். பழைய பேட்டரியிலிருந்து ஈயம் எடுத்து உருக்கும் வேலை இங்கே நடக்கிறது. வேலைச் சட்டையோடு வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்கினால் தூசி பிள்ளையின் கைக்கும், அங்கிருந்து வாய்க்கும் போகும். எதையும் வாயில் வைத்துப் பார்ப்பது அந்த வயதின் படிப்பு, அதுவே ஈயத்துக்கு வழியும் ஆகிறது. வயிற்றுக்குள் போன ஈயத்தைப் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிகமாகக் குழந்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கண்டறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சென்னையில் 3 முதல் 7 வயதுள்ள 756 குழந்தைகளைப் பார்த்து 2009ல் வெளியான ஆய்வில், ரத்தத்தில் ஈயம் கூடியபோது கவனக்குறைவும் கூடியது தெரிந்தது. அதனால் வேலை இடத்திலேயே குளித்து உடை மாற்றி வரச் சொல்லுங்கள். அந்தத் துணியைத் தனியாகத் துவைக்கணும், சாப்பாட்டுக்கு முன் குழந்தையின் கையைக் கழுவணும். இரும்புச் சத்து குறைந்தால் ஈயம் இன்னும் அதிகமாக ஏறும் என்பதால் கீரை, பேரீச்சை, முட்டை கொடுக்கணும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்? ஐந்து மாதத்திலும் கழுத்து நிற்கவில்லை, ஒன்பது மாதம் தாண்டியும் உட்காரவில்லை, பதினெட்டு மாதத்திலும் நடக்கவில்லை, சத்தத்துக்குத் திரும்பவில்லை, ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துகிறது, கற்றதை மறக்கிறது என்றால் தள்ளிப்போடக் கூடாது. 2013ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் மருத்துவக் குழு வருஷத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வந்து பரிசோதிக்கும். தேவைப்பட்டால் மேல் சிகிச்சைக்கு அனுப்புவார்கள். குழு வரும் தேதியை அங்கன்வாடி டீச்சரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அம்மா ஷிப்டில் இருந்தால் அன்றைக்கு நாமே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகலாம்.